தாத்தாவுக்கு ஆபரேஷன்: அடுத்த வாரமா, நாலு வாரம் கழித்தா, வேண்டவே வேண்டாமா?

வீடுகளுக்குப் போய் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு வீடு. தாத்தாவுக்கு 77 வயது. பெருங்குடலில் புற்றுநோய்க் கட்டி. ஸ்கேனில் வேறெங்கும் பரவியதாகத் தெரியவில்லை, குடலில் அடைப்பும் இல்லை. ஆபரேஷன் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று மாலையே வீடு மூன்றாகப் பிரிந்தது.

சென்னையில் இருக்கும் மூத்த மகன் போனில் சொன்னார்: "கட்டியை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு ஒரு நாள்கூட இருக்கக் கூடாது. அடுத்த வாரமே முடிச்சிருவோம்." கூடவே இருக்கும் இளைய மகனுக்கு அது பயம். "அப்பா இருக்கிற இருப்புக்குத் தாங்குமா? ஒரு மாசம் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும், உடம்பு தேறட்டும், அப்புறம் பாப்போம்." மகள் அடுக்களை வாசலிலேயே நின்றிருந்தார். நான் செருப்பு மாட்டும்போது பின்னாலேயே வந்து மெதுவாகக் கேட்டார்: "செய்யாமலே விட்டா என்ன தம்பி ஆகும்?"

மூன்றும் அன்பில் வந்த பேச்சுதான். இந்த மூன்றோடு நாலாவதாக ஒரு வழி உண்டு: ஆபரேஷன் தேதிக்கு முந்தின மூன்று நாலு வாரத்தை உடம்பைத் தயார் செய்யும் வேலையாகவே எடுத்துக்கொள்வது. இந்த நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலிலும் மோசமானது இளைய மகன் சொன்ன வழி. நம் வீடுகளில் அதிகம் நடப்பதும் அதுதான். பெரும்பாலும் யாரும் முடிவெடுத்துச் செய்வதில்லை, தானாகவே நடந்துவிடுகிறது.

எவ்வளவு தளர்ந்திருக்கிறார்?

இது தெரியாமல் நாலு வழியையும் ஒப்பிட முடியாது. ஆபரேஷனைத் தாங்குவார் என்று எல்லாரும் ஃபிட்னஸ் சான்று வாங்குகிறார்கள். ஈசிஜி, எக்கோ, சர்க்கரை, கிரியாட்டினின், மார்பு எக்ஸ்ரே. தாத்தாவிடமும் அந்த ஃபைல் இருந்தது. எல்லாம் பரவாயில்லை ரகம். ஆனால் அவரால் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடிகிறதா என்பதற்கு அந்த ஃபைலில் ஒரு வரிகூட இல்லை.

சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து 3 மீட்டரில் இன்னொரு கோடு போட்டேன். நாற்காலியில் இருந்து எழுந்து, அந்தக் கோடுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். நல்ல நடமாட்டம் உள்ள முதியவருக்கு 12 விநாடிக்குள் முடிகிற காரியம். தாத்தா முதலில் இரண்டு கையையும் நாற்காலிக் கைப்பிடியில் ஊன்றினார். ஒரு முறை எழுந்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது முயற்சியில் எழுந்து, வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். திரும்பும் இடத்தில் நாலைந்து சிறு அடி. 24 விநாடி. ஆறு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 46-க்கு வந்திருந்தார். வேட்டி நழுவுவது அதனால்தான்.

இதைத்தான் மருத்துவத்தில் நலிவு என்கிறார்கள். வயதும் நலிவும் ஒன்றல்ல. 85 வயதில் திடமாக இருப்பவரும் உண்டு, 65-ல் ஒடுங்கிப் போனவரும் உண்டு. அமெரிக்காவில் 2001-ல் வந்த ஒரு வரையறை ஐந்து அடையாளம் சொல்கிறது: காரணமில்லாமல் எடை குறைவது, எந்நேரமும் அசதி, கைப்பிடியில் வலு இல்லாமை, மெதுவான நடை, நடமாட்டம் சுருங்கிப்போவது. மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. கனடாவில் ராக்வுட் என்ற மருத்துவர் குழு 2005-ல் கொண்டுவந்த அளவுகோல் இன்னும் எளிது. இப்போது அதில் 1 முதல் 9 வரை படிகள். பணம், மருந்து, வெளியே போய் வருவது போன்றவற்றுக்குத் துணை வேண்டும் என்றால் 5. குளிக்கவும் படியேறவும் துணை வேண்டும் என்றால் 6. எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும் என்றால் 7. நோய்க்காகப் படுத்திருக்கும் இன்றைய நிலையை வைத்து இதைச் சொல்லக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் எப்படி இருந்தார் என்று பார்க்க வேண்டும். தாத்தா 5-க்கும் 6-க்கும் நடுவில்.

உடனே செய்வது

சில இடத்தில் இது ஒன்றுதான் வழி. குடல் அடைத்துக்கொண்டாலோ, நிற்காமல் ரத்தம் போனாலோ, குடலிறக்கம் (ஹெர்னியா) சிக்கிக்கொண்டாலோ நாலு வாரப் பேச்சுக்கே இடமில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

அப்படி அவசரம் இல்லாதபோது, உடனே செய்வதன் ஒரே லாபம் மன நிம்மதி. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, புற்று என்ற சொல்லைக் கேட்டபின் தூக்கம் வராது. ஆனால் நலிந்த உடம்பில் ஆபரேஷன் நன்றாகவே முடிந்தாலும் அடுத்து வருகிற சளி, நிமோனியா, சித்தக் குழப்பம், படுக்கையோடு படுக்கையாகிப் போவது, இவைதான் ஆளைச் சாய்க்கின்றன. குடலில் கட்டிக்கு, அடைப்பு இல்லாத நிலையில், மூன்று நாலு வாரம் எடுத்துக்கொள்ளப் பெரும்பாலான அறுவை சிகிச்சை நிபுணர்கள் தயங்குவதில்லை. அதை அவர் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், நாமாக முடிவு செய்யக் கூடாது. இன்னொன்றும் உண்டு. ஸ்கேன், பயாப்ஸி ரிப்போர்ட், காப்பீட்டு அனுமதி, தேதி கிடைப்பது என்று எப்படியும் இரண்டு மூன்று வாரம் போகிறது. அந்த நாட்கள் கையில் இருக்கின்றன. அவற்றை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

ரெஸ்ட் எடுத்துக்கொண்டு காத்திருப்பது

"ஆபரேஷன் வருது, அலையாதீங்க, படுங்க." கட்டில் கூடத்துக்கு வந்துவிடும். காபி கட்டிலுக்கே வரும். நடந்தால் மூச்சு வாங்குகிறது என்று கக்கூஸுக்குப் போக மட்டும் எழுப்புவார்கள். சாப்பாடு கஞ்சியும் ரசம் சாதமும்.

2007-ல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. சராசரி 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத ஒரு டஜன் பேரைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். பத்து நாளில் கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. அது ஆரோக்கியமானவர்களுக்கு. ஏற்கெனவே ஆறு கிலோ இழந்த ஒருவரை ஒரு மாதம் படுக்க வைத்தால் ஆபரேஷன் மேசைக்குப் போவது யார் என்று நினைத்துப் பாருங்கள். உடனே செய்தால்கூட இன்றைக்கு இருக்கும் உடம்போடு போவார். இந்த வழியில் இன்றைக்கு இருப்பதையும் விட்டுவிட்டுப் போகிறார். காத்திருப்பின் நஷ்டம் எல்லாம் உண்டு, லாபம் ஒன்றும் இல்லை. அதனால்தான் இதை மோசம் என்கிறேன்.

தயார் செய்துகொண்டு போவது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆதரவாகவும் எதிராகவும் சான்று இருக்கிறது.

பார்சிலோனாவில் 2018-ல் வெளியான ஆய்வில், வயிற்றில் பெரிய ஆபரேஷனுக்குப் போகும் ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு முன்கூட்டியே உடற்பயிற்சி கொடுத்தார்கள். சிக்கல் வந்தவர்கள் 62 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தார்கள். 2023-ல் பல நாட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து, குடல் புற்றுநோய்க்காக 251 பேரிடம் நாலு வாரத் தயாரிப்பைச் சோதித்தன. கடுமையான சிக்கல் 29.7-லிருந்து 17.1 சதவீதமாக இறங்கியது. ஆனால் 2020-ல் கனடாவின் மான்ட்ரியலில் 110 பேரிடம் நடந்த ஆய்வில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. அந்த 110 பேரும் நலிந்த முதியவர்கள், அதாவது நம் தாத்தா மாதிரியானவர்கள்.

ஏன் இந்த முரண்? என் புரிதல் இது. பலன் தெரிந்த 2023 ஆய்வில் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, கூட நின்று, மூச்சு வாங்கும் அளவுக்கு வேலை வாங்கினார்கள். மான்ட்ரியலில் வாரம் ஒரு நாள் நேரில், மீதி நாள் வீட்டில் அவர்களாகவே. தளர்ந்த ஒருவரிடம் பயிற்சி அச்சடித்த தாளைக் கொடுத்துவிட்டு வந்தால் அது ஃபிரிட்ஜ் மேலே கிடக்கும். இதை நான் வாரா வாரம் பார்க்கிறேன். யாராவது கூட நின்றால் மட்டுமே நடக்கிறது. அதனால் பயிற்சித் திட்டம் எது என்பதைவிட, யார் கூட நிற்கப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்வேன்.

இரண்டாவது, நலிவுக்கு உடற்பயிற்சி மட்டும் மருந்தல்ல. லண்டனில் கைஸ் அண்டு செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் 2003 முதல், ஆபரேஷனுக்கு முன் முதியோர் மருத்துவர் ஒருவர் ஆளை முழுதாகப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. மருந்து, ரத்தசோகை, ஞாபகம், சாப்பாடு, வீட்டில் படி எத்தனை, பார்த்துக்கொள்ள யார் என்று எல்லாம். எலும்பு ஆபரேஷனுக்கு வந்தவர்களில் இதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2007-ல் வெளியிட்டார்கள். நிமோனியா 20 சதவீதத்திலிருந்து 4 ஆனது. சித்தக் குழப்பம் 19-லிருந்து 6 ஆனது. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாள் சராசரியாக நாலரை குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஒரே ஆஸ்பத்திரிதான். இருந்தாலும் திசை தெளிவாகத் தெரிகிறது.

நம் ஊரிலும் இந்தத் துறை புதிதல்ல. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978-ல் தொடங்கியதுதான். கிண்டியில் 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்தது. அங்கே போக முடியாதவர்கள் வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடம் கேட்கலாம்: "ஆபரேஷனுக்கு முன்னால இவங்களை முழுசா ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க." நடைக்கும் பயிற்சிக்கும் ஆள் வேண்டும் என்றால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

தாத்தா வீட்டில் நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு 24 நாள் இருந்தது. நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டி, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. முதல் நாள் மூன்று. தலையணையை எடுத்தபின் இரண்டாவது வாரம் ஐந்து. திண்ணையிலிருந்து தெருமுனைப் பலசரக்குக் கடைவரை காலையும் மாலையும் நடை, இளைய மகன் கூடவே. ரெஸ்ட் எடுக்கட்டும் என்று சொன்ன அதே மகன். காரணத்தைச் சொன்னதும் நம் எல்லாரையும்விட அவர்தான் பிடிவாதமாக நின்றார்.

மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் மூன்று பந்து வைத்த பிளாஸ்டிக் கருவி கொடுப்பார்கள். தாத்தாவும் அதை வாயில் வைத்து ஊது ஊது என்று ஊதிக்கொண்டிருந்தார். பந்து அசையவே இல்லை. அதை ஊதக் கூடாது, இளநீர் குடிப்பது மாதிரி உள்ளே இழுக்க வேண்டும். பத்தில் ஏழெட்டுப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், கொடுத்தவர் நின்று சொல்லித் தருவதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மேல்வயிற்று ஆபரேஷனுக்குப் போன 441 பேரிடம் நடந்த ஆய்வு 2018-ல் வந்தது. ஆபரேஷனுக்கு முன் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம், பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சியை விளக்கியதற்கே நுரையீரல் சிக்கல் 27 சதவீதத்திலிருந்து 12 ஆனது. இந்தக் கட்டுரையில் வரும் எல்லாவற்றிலும் செலவு குறைந்தது இதுதான். வேறெதுவும் செய்ய முடியாதவர்கள் இதையாவது கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு. 46 கிலோவுக்கு, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று வைத்தால் நாளுக்கு 55 முதல் 70 கிராம் புரதம் வேண்டும். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், ராத்திரி கஞ்சி என்றிருந்த தாத்தாவுக்கு அதில் பாதி தேறியிருக்காது. இரண்டு முட்டையில் 12, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, மதியம் நல்ல ஒரு துண்டு மீனில் 20 என்று மகள் கணக்குப் போட்டு அடுக்களைச் சுவரில் ஒட்டினார். சுண்டலைப் பல்லுக்கு மசித்துக் கொடுத்தார். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுக்கக் கூடாது, டாக்டரைக் கேட்க வேண்டும்.

மாத்திரைப் பையைப் பொது மருத்துவரிடம் மேசையில் கொட்டிக் காட்டினோம். ஐந்து வருஷமாகப் போட்டுவரும் தூக்க மாத்திரை அதில் இருந்தது. ஆபரேஷனுக்குப் பின் குழப்பம் வர அது ஒரு காரணம், ஆனால் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. படிப்படியாகக் குறைத்தார்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை போடுகிறவர்கள் ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை எப்போது நிறுத்துவது என்பதை இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் பேசித்தான் சொல்ல வேண்டும். நாட்டு மருந்து, லேகியம் எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தாத்தாவுக்கு ஹீமோகுளோபின் 9.1 இருந்தது, அதற்கும் இரும்புச்சத்து ஏற்றினார்கள்.

மயக்கத்தைப் பற்றி எல்லா வீட்டிலும் ஒரு கேள்வி வரும்: முழு மயக்கமா, முதுகு ஊசியா? முதுகு ஊசி என்றால் புத்தி தடுமாறாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரிடம் 2021-ல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் ஐந்தில் ஒருவருக்குக் குழப்பம் வந்தது. இதை மயக்க மருத்துவரிடம் விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேளுங்கள்: "தண்ணி எத்தனை மணிவரைக்கும் குடிக்கலாம்?" முந்தின ராத்திரியே பச்சைத் தண்ணீரையும் நிறுத்திவிடுவது நம் வழக்கம். திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்பதுதான் இன்றைய பொது விதி. தொண்டை வறண்டு பதினாலு மணி நேரம் கிடந்த முதியவருக்கு குழப்பம் வராமல் என்ன செய்யும்?

செய்யாமலே இருப்பது

மகள் கேட்ட கேள்வி. அவர் கேட்டதைக் குற்றமாக நினைத்துத்தான் ரகசியமாகக் கேட்டார். குற்றமே இல்லை. நோய்க்கு நோய் பதில் மாறும்.

முட்டி மாற்று ஆபரேஷன் என்றால் காத்திருப்பதில் உயிருக்கு ஆபத்தில்லை. டென்மார்க்கில் 2015-ல் நூறு பேரிடம் செய்த ஆய்வில், ஆபரேஷன் இல்லாமல் பயிற்சி, உணவு ஆலோசனை, வலி மாத்திரை போன்றவை மட்டும் எடுத்தவர்களில் ஒரு வருஷத்துக்குள் கால்வாசிப் பேர்தான் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி நிவாரணம் ஏறக்குறைய இரட்டிப்பு, ஆனால் கடுமையான பக்கவிளைவும் அதிகம். நலிந்தவருக்கு இந்தத் தராசு பயிற்சிப் பக்கம் சாயும். தொந்தரவு அதிகம் தராத குடலிறக்கத்திலும் அப்படித்தான். கவனித்துக்கொண்டே இருந்த ஆண்களில் அது அவசரமாகச் சிக்கியது வருஷத்துக்கு ஆயிரத்தில் இரண்டு பேருக்கும் குறைவு என்று 2006-ல் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆனால் பத்து வருஷத்தில் மூன்றில் இருவர், பெரும்பாலும் வலியால், ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள். எனவே அது தள்ளிப்போடுவதுதான், தவிர்ப்பது அல்ல.

குடல் கட்டி வேறு. விட்டால் அடைக்கும், ரத்தம் போகும், கடைசியில் அவசர ஆபரேஷனாக வந்து நிற்கலாம். அது எல்லாவற்றையும்விட ஆபத்து. அதனால் தாத்தாவுக்கு நான் இதைச் சொல்லவில்லை. ஆனால் 7-ஆம் படியில் இருப்பவர் என்றால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன். அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருந்தவர்களுக்குக் குடல் புற்று ஆபரேஷன் செய்ததைத் தொகுத்து 2012-ல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோயிருந்தார்கள். அந்த நிலையில் வலி தணிப்பு சிகிச்சையும், அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் போன்ற சிறிய வழியும் இருக்கிறதா என்று கேட்பதுதான் அன்பு.

எந்த வழியானாலும் முதலில் கேட்க வேண்டியது அந்த முதியவரைத்தான். மூன்று பிள்ளைகளும் பேசி முடித்தபின் நான் தாத்தாவிடம் கேட்டேன்: "ஆபரேஷன் முடிஞ்சு என்ன ஆகணும்னு நினைக்கிறீங்க?" கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். "கக்கூஸுக்கு நானாப் போகணும் தம்பி. அது போதும்." போனில் இருந்த மூத்த மகன் அதன்பின் தேதியைப் பற்றிப் பேசவில்லை. நாலு வாரத்துக்குச் சம்மதித்தார்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் கோட்டில் மறுபடி நடக்க வைத்தேன். 17 விநாடி. எடை 46-லிருந்து 47. அவ்வளவுதான் கிடைத்தது. சிக்கலே இல்லாமல் போனது என்றும் சொல்ல மாட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று கண்ணாடியையும் காது மெஷினையும் முதல் நாளே வாங்கிப் பையில் வைத்துவிட்டார்கள். எதையும் பார்க்காமல் கேட்காமல் அவர் இரண்டு ராத்திரி குழம்பி, ஊசிக் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். மகள் போய் இரண்டையும் மாட்டிவிட்டு, ஜன்னல் திரையை விலக்கி, மணி எத்தனை, என்ன கிழமை என்று சொல்லிக்கொண்டே இருந்தபின்தான் தெளிந்தார். இதை முன்பே சொல்லி வைக்காதது என் தவறு. இப்போது போகும் எல்லா வீட்டிலும் முதலில் சொல்கிறேன்: கண்ணாடி, காது மெஷின், பல் செட், மூன்றும் மயக்கம் தெளிந்த உடனே அவர் மேலே இருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். குளிக்க இன்னும் துணை வேண்டும். கக்கூஸுக்குத் தடியை ஊன்றித் தனியாகத்தான் போகிறார். உள்ளே தாழ்ப்பாள் போடுவதில்லை என்று மகளிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.